ஒட்டுச்சொல் எழுதிய காலம்

எங்கள் தோட்டத்தில் ஒரு கடிதத்துக்கு இரண்டு காது போதாது. லயத்து வரிசை வீடுகளில் உள்ள அத்தனை காதும் வேண்டும்.

தஞ்சோங் மாலிம் டவுனுக்கு வடக்கே, பெரிய சாலையை விட்டு மூன்று மைல் உள்ளே இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கூட்டிப் பெயர் வாசித்து முடித்ததும், கணக்குப் பார்க்கும் கிராணி முதல் நாள் வந்த கடிதங்களை எடுத்து நீட்டுவார். வாங்கியவர்கள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு பால்மரம் வெட்டப் போய்விடுவார்கள். பாலை ஸ்டோரில் ஊற்றி, குளித்து, சோறு தின்று, மூன்று மணி வாக்கில் ஆயக்கொட்டகை அக்காவின் வாசலுக்கு வருவார்கள். வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அந்த அக்காவின் வேலை. எங்கள் வரிசையில் தட்டுத் தடங்கல் இல்லாமல் தமிழ் வாசிக்கக் கூடியவரும் அவர்தான். கடிதத்துக்கு உரியவர் மேல்படியில் உட்காருவார். மற்றவர்கள் சுற்றிலும் உட்காருவார்கள். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. யாரும் வராமல் இருப்பதும் இல்லை. "ஒளிச்சிப் படிச்சா அது கடுதாசி இல்ல, களவு" என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு.

இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் படியில் உட்கார்ந்து ஊரார் கடிதங்களைக் கேட்டே வளர்ந்தவன் நான். ஆனாலும், கல்யாணமாகி நான்காம் மாதம் ஈப்போ டவுனுக்கு வேலைக்குப் போன பிறகு, முதல் கடிதம் எழுத உட்கார்ந்தபோது எல்லாம் மறந்துவிட்டது. அவள் மட்டும் தனியாக அந்தப் படியில் உட்கார்ந்திருப்பது போலவே மனத்தில் தோன்றியது. 'உன் நினைப்பில் சோறு இறங்கவில்லை, தலையணையைப் பார்த்தால் உன் முகம் தெரிகிறது' என்று கை போன போக்கில் எழுதிவிட்டேன்.

என் மனைவிக்கு எழுத்து தெரியாது. தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்க்க ஏழு வயதிலேயே பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஆனால் கேட்டதை மறக்கவே மாட்டாள். அடுத்த மாதம் நான் ஊருக்குப் போனபோது முகம் கொடுத்துப் பேசவில்லை. திரும்பும்போது என்னை வழியனுப்பப் பெரிய சாலை வரைக்கும் கூட நடந்து வந்தாள். அந்த மூன்று மைலில்தான் வாயைத் திறந்தாள்.

"அக்கா நல்லாத்தான் படிச்சாங்க. தலகாணி வந்த எடத்துல நிறுத்தி, மூக்குக் கண்ணாடிய தொடச்சி, மறுபடியும் முதல்லேருந்து படிச்சாங்க."

"எல்லாரும் இருந்தாங்களா?"

"லயமே இருந்துச்சி. அத்தே என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தாங்க."

அத்தே என்றால் என் அம்மா.

"அதோட விட்டாங்களா? 'இங்க ஒரு சொட்டு இருக்கு, கண்ணீரா கோப்பியான்னு தெரியல'ன்னு தூக்கிக் காட்டுனாங்க. எல்லாரும் வாங்கி மோந்து பாத்தாங்க."

"கோப்பிதான்," என்றேன்.

"அதையாச்சும் கண்ணீருன்னு சொல்லியிருக்கலாம்," என்றாள். அதற்குப் பிறகுதான் சிரித்தாள்.

எனக்கு அப்போது ஒரே ஒரு ஆசைதான். அவள் ஈப்போவுக்கு வந்துவிட வேண்டும். ஈப்போவை ஒட்டிய லகாட்டில் வாடகைக்கு அறைகள் இருந்தன. ஈயச் சுரங்கங்கள் ஓய்ந்துபோய், ஆள் போன வீடுகள் சும்மா கிடந்தன. ஆனால் தோட்டத்து வீடு வேலை செய்பவருக்குத்தான் சொந்தம். வீட்டிலிருந்து ஒரு பெயராவது செக்குரோல் என்ற வேலையாள் பதிவில் இருக்க வேண்டும். அம்மா முப்பது வருடம் பால் சுமந்து, ஒரு மழைநாளில் மேட்டில் சறுக்கி விழுந்து முதுகு போய், வேலையை விட்டுவிட்டார். நானும் போய்விட்டேன். மிச்சம் இருந்த பெயர் என் மனைவியுடையது. அவள் வாளியைக் கீழே வைத்தால் அம்மாவுக்கு வீடு இல்லை. அம்மாவோ, "ஈப்போவுக்கு வந்து நான் யாருகிட்ட பேசுறது? சொவத்துகிட்டயா?" என்று ஒரே பிடியில் நின்றார். இதைக் கடிதத்தில் எப்படி எழுதுவது? 'அம்மாவிடம் பேசிப் பார்' என்று எழுதினால் அதை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார், கூட நாற்பது பேரோடு.

நான் வேலை பார்த்தது ஒரு டிவி ரிப்பேர் கடையில். யாரும் சொல்லிக் கொடுத்த தொழில் இல்லை. எழுபதுகளில் தோட்டத்து மண்டபத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி வைத்தார்கள். காற்றடித்து ஏரியல் திரும்பிக்கொண்டால் ஏறித் திருப்புகிற ஆள் நான். கூரைமேல் நான் இருக்க, கீழே இருந்து, "இப்ப ஆளு தெரியுது, தல தெரியல! இன்னும் கொஞ்சம்லா!" என்று கத்துவார்கள். வானத்துக் கப்பலில் ஊர் ஊராகப் போகிறவர்களின் ஆங்கிலத் தொடர் ஒன்று அப்போது ஓடியது. பாதியை நான் கூரையிலிருந்து காதால் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். பிறகு செத்துப்போன ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்து, எது எதோடு சேர்ந்தால் சத்தம் வரும் என்று நானாகவே கண்டுபிடித்தேன்.

கடைக்குப் பக்கத்து ஊரான பத்து காஜாவிலிருந்து ஓர் அண்ணன் பழுதான பெட்டியோடு வருவார். அங்கே ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக டிரஸ்ஸர் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர், அதனால் சாதாரணமாகப் பேசினாலும் கடை அதிரும். ஒரு முறை பெட்டியோடு ஒரு புத்தகத்தையும் மேசைமேல் வைத்தார். வெளிநாட்டில் இருக்கும் அவர் தம்பி அனுப்பியது. கிளிங்கன் என்ற மொழிக்கான அகராதி அது. அந்த வானத்துக் கப்பல் தொடரைப் பிறகு சினிமாவாக எடுத்தார்கள்; அதில், நெற்றியில் மேடு பள்ளம் வைத்த போர்வீரர்கள் வருவார்களே, அவர்கள் பேசுவதற்கென்று ஒருவர் உட்கார்ந்து ஒரு மொழியையே செய்திருக்கிறார்.

"இது எந்த ஊரு பாஷைண்ணே?"

"எந்த ஊரும் இல்லடா தம்பி. இல்லாத ஊருக்கு இருக்கிற பாஷை."

"யாரு பேசுறா?"

"இந்தப் பேராக் மாநிலத்துல இப்போதைக்கு நான் ஒருத்தன். நீ பேசுனா ரெண்டு பேரு."

சொல்லிவிட்டுத் தொண்டையின் அடியிலிருந்து ஒரு சொல்லை எடுத்து வீசினார். ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்த என் சீன முதலாளி தவுக்கே நிமிர்ந்து பார்த்து, "சாக்கிட்கா?" என்றார். உடம்பு சரியில்லையா என்று மலாயில் கேட்டார், பாவம். அண்ணன் விடவில்லை. அந்த மொழியில் சில சொற்கள் 'ங'வில் தொடங்கும் என்று எனக்குச் சொல்லிக் காட்டினார். அது எங்களுக்கா கஷ்டம்? ஈப்போவில் பாதிப் பேர் சீனர்கள், 'நான்' என்பதையே 'ங்ஙோ' என்றுதான் சொல்வார்கள். தவுக்கேயும் அப்படித்தான்.

பெட்டி சரியாகும் வரைக்கும் புத்தகம் என்னிடம் இருந்தது. அதைச் சீக்கிரம் சரிசெய்ய எனக்கு மனமில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஒரு கையில் அந்த அகராதி, மறு கையில் பழைய ஆங்கில அகராதி. சோற்று நேரத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அவர்கள் புதுச் சொல் செய்யும் வழி எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு பெயரை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுவார்கள், அவ்வளவுதான். 'ஜோல்' என்றால் ஆளை ஒளியாக்கி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்புகிற கதிர். 'பா' என்றால் அறை. இரண்டையும் ஒட்டினால் 'ஜோல்பா': நின்ற இடத்தில் மறைந்து, போக வேண்டிய இடத்தில் தோன்றவைக்கிற அறை. 'தெரா' என்பது நம்முடைய பூமி, 'ங்கன்' என்பது அங்கே குடியிருப்பவன். ஒட்டினால் 'தெராங்கன்', அதாவது நீங்களும் நானும்.

ஜோல்பா என்ற சொல்லைப் படித்த அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. பிரித்துப் போட்ட பெட்டிகளுக்கு நடுவே அப்படி ஓர் அறை இருந்தால், பன்னிரண்டு மணிச் சோற்றுக்கு லயத்தில் போய் நிற்பேன். அவள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருகிற நேரம் அது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது சாலைக்கு நடந்த வழியில் அவளிடம் இதைச் சொன்னேன். சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் நின்றுவிட்டாள்.

"இதுல என்னா அதிசயம் இருக்கு? நம்ம பேச்சே அப்படித்தானே? ஒட்டுப்பால், காண்டாவாளி, ஆயக்கொட்டக. ரெண்டு ரெண்டா ஒட்டித்தானே பேசுறோம்."

எனக்கு அது தோன்றவே இல்லை. இரண்டு அகராதி வைத்துப் படித்தவன் நான்.

"அப்ப நாமளும் ஒட்டுவோம்," என்றாள். "அக்கா படிக்கட்டும். ஊரு கேக்கட்டும். நமக்கு மட்டும் தெரிஞ்சா போதும்."

அந்த மூன்று மைலில் எட்டுப் பத்துச் சொற்கள் செய்தோம். என்னுடையவை எல்லாம் புத்தகச் சொல் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றன, ஒன்றுகூட நிலைக்கவில்லை. அவள் செய்தவைதான் சொற்கள். பால் வடிய மரத்தில் கட்டிய கிண்ணம்தான் மங்கு; அதில் மழைத் தண்ணீர் விழுந்தால் பால் கெட்டு அன்றைய உழைப்பே போய்விடும். அதனால் 'மங்குமழை' என்றால் மனசு உடைந்த நாள். இரண்டு வாளிப் பாலைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுச் சுமக்கிற தோள் முதலில் வலிக்கும், பிறகு காய்த்துப்போகும். ஆகவே 'காண்டாத்தோள்': வலிக்கிறது, ஆனால் தாங்குகிறேன். நான் இல்லாத வீட்டில் அம்மா நேரத்தோடு தின்றுவிடுவதால், அவள் தனியே சன்னலோரம் நின்றபடி தின்பாள். அது 'சன்னல்சோறு'. மாதம் ஒரு முறை நான் வந்து இறங்கும்போது என் சட்டையில் அடிக்கிற வாசனை 'ரெயில்வாசம்'. அதற்கு அவள் பொருள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதை எழுதினால் அந்தத் தலையணைக் கடிதத்தில் இருந்ததெல்லாம் அதற்குள் வந்துவிடும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

கடைசியாக ஒன்று செய்தாள். வேலை முடிந்து கழுவிய வாளியைத் திண்டில் கவிழ்த்து வைப்பார்கள். வேலையை விட்டுப் போகிறவரின் வாளி ஸ்டோர் ஓரத்தில் கவிழ்ந்தே கிடக்கும்.

"'கவுத்தவாளி'ன்னு எழுதச் சொன்னா, வாரேன்னு அர்த்தம். அன்னிக்கு நீங்க வீடு பாருங்க."

"எப்ப எழுதுவ?"

பேச்சை மாற்ற, "அந்த நெத்திமேட்டு ஆளுங்க ஒருத்தர ஒருத்தர் பாத்தா என்னா கேப்பாங்க? பசியாறியாச்சான்னா?" என்றாள்.

"அவங்ககிட்ட வணக்கமே கெடையாது. பாத்ததும் 'நுக்நெஹ்'ம்பாங்க. 'உனக்கு என்னா வேணும்?'னு அர்த்தம்."

நான் அதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னேன்.

"நல்ல கேள்விலா," என்றாள். "எங்கிட்ட யாரும் கேட்டதில்ல."

ரெயிலடிக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. நான் ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் கடிதங்கள் சின்னதாகிவிட்டன. 'நலம், நலமறிய ஆவல். இந்த வாரம் மங்குமழை. மற்றபடி காண்டாத்தோள். ரெயில்வாசம்.' அவளிடமிருந்து அக்காவின் குண்டு குண்டான கையெழுத்தில் பதில் வரும்: 'சன்னல்சோறு. கோழி ஆறு குஞ்சு பொரித்தது. ரெயில்வாசம், ரெயில்வாசம்.' இரண்டு முறை எழுதியிருப்பதைப் பார்த்துக் கடைப் பின்கட்டில் போய் நின்றிருக்கிறேன். எந்தக் கடிதமாக இருந்தாலும் கடைசி வரி மட்டும் மாறவே இல்லை: 'கவுத்தவாளிக்கு நாளாகும்.' உறையைப் பிரித்ததும் என் கண் முதலில் அந்த வரிக்குத்தான் போகும். 'நாளாகும்' என்பதைப் பார்த்த பிறகுதான் மேலே திரும்பிக் கோழிக்குஞ்சைப் படிப்பேன்.

இந்தச் சொற்களை முதல் முறை வாசித்தபோதே அக்கா நிறுத்திவிட்டாராம். "இது என்னாடி, ரெயிலுக்கு என்னா வாசம்?" அவள் கொஞ்சமும் அசரவில்லை. "ஈப்போவுல இப்ப இப்படித்தான் பேசுறாங்களாம் அக்கா. புதுப் பேச்சு," என்று சொல்லிவிட்டாள். லயம் அதை அப்படியே நம்பியது. டவுனில் புதிதாக எது வந்தாலும் எங்களுக்குக் கடைசியில்தான் வரும். துணி ஆனாலும் சரி, கொண்டை ஆனாலும் சரி. பேச்சாவது சுடச்சுட வந்ததே என்று ஆளுக்கு ஒரு சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு நான் சாலைச் சந்தியில் இறங்கினேன். பால் லாரி ஓட்டும் அண்ணன் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். ஏறி உட்காரவில்லை, அதற்குள் கேட்டார்:

"என்னா மச்சான், ரெயில்வாசமா?"

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. லயத்துக்குள் போனால், பக்கத்து வீட்டு அக்கா மகளைத் திட்டுகிறார்: "ஊரு புள்ளைங்களாட்டம் குந்தித் தின்னு! எந்நேரமும் சன்னல்சோறு!" குழாயடியில் இருந்த கிழவர் ஒருவர், நான் "எப்படி இருக்கீங்க?" என்றதற்கு, "காண்டாத்தோளுய்யா, காண்டாத்தோளு," என்கிறார். நாங்கள் வெறும் காலோடு நடந்து நடந்து செய்த சொற்கள், எல்லார் வாயிலும் வெற்றிலை மாதிரி மென்று சிவந்துபோயிருந்தன.

"நீதான் சொல்லிக் குடுத்தியா?" என்றேன் அவளிடம். கோபம்தான்.

"நான் ஒண்ணும் சொல்லல. அவங்களே வெச்சிக்கிட்டாங்க. எல்லாருக்கும் தோளு வலிக்குது, எல்லார் மகனும் எங்கயோ போயிட்டான். சொல்லு வேணும்லே?" பிறகு மெல்ல, "எனக்கும்தான் மங்குமழையா இருந்துச்சி, முதல்ல. இப்ப பரவால்ல," என்றாள்.

ஒரு சொல்லை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கடிதத்துக்குக் கடிதம் அதைக் கேட்டும்கூட, கவுத்தவாளி என்று யாரும் வாய் தவறியும் சொல்லவில்லை. அப்போது பால்மரத்தைச் சாய்த்து எண்ணெய்ப் பனை வைக்கத் தொடங்கியிருந்தார்கள். ஸ்டோர் ஓரத்தில் கவிழ்ந்த வாளிகள் கூடிக்கொண்டிருந்தன. அந்தச் சொல்லுக்கு ஈப்போவில் என்ன அர்த்தம் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கேட்காமலே தெரிந்திருக்க வேண்டும்.

தை போனது, மாசி போனது. லகாட்டில் ஒரு வீட்டைத் தினமும் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போவேன். பழைய சுரங்கக் குட்டையைப் பார்த்த வீடு, வாசலில் ஒரு சிமெண்டுத் திட்டு. அதற்கு யாராவது குடி வந்துவிடுவார்களோ என்று எனக்கு ஒவ்வொரு நாளும் பயம். டிரஸ்ஸர் அண்ணன் ஒரு நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு போகும்போது, "கேட்டுப் பாரு தம்பி. கேக்காம வருமா?" என்றார். எத்தனை தடவை கேட்டாயிற்று, 'எப்ப வருவ, எப்ப வருவ' என்று. நான் கேட்டதெல்லாம் அந்த ஒன்றைத்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. வழக்கம்போலக் கடைசி வரிக்குத் தாவினேன். அங்கே வேறு என்னவோ இருந்தது. மேலே வந்து படித்தேன்.

'தம்பிக்கு அம்மா சொல்வது. கவுத்தவாளி. ரெண்டு வாளி. உன் பெண்டாட்டியுடையதும் என்னுடையதும். வீடு பாரு. ஏறி இறங்குகிற வீடு வேண்டாம், முதுகு கேட்காது. முப்பது வருசம் சுமந்தவளுக்குக் காண்டாத்தோள் என்றால் என்ன என்று தெரியாதா? எனக்கு எல்லாச் சொல்லும் முதலிலிருந்தே தெரியும். தலையணைக் கடிதமே நன்றாகத்தான் இருந்தது.'

கடைசி வரி அக்கா தானாகவே எழுதியது: 'தம்பி, இதைச் சொல்லச் சொல்ல எழுதும்போது படியில் ஒருவரும் பேசவில்லை. கீழே உள்ள சொட்டு என்னுடையது. கோப்பி இல்லை.'

அம்மாவின் மனம் எப்படி மாறியது என்று மனைவி பிறகு சொன்னாள். அந்த நெற்றிமேட்டு ஆட்களின் கதையை அவள் எப்போதோ அம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஒரு நாள் மத்தியானம் சன்னலோரம் நின்று தின்றுகொண்டிருந்தவளை அம்மா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"அந்த வானத்து ஆளுங்க என்னாமோ கேப்பானுங்கன்னியே, அத நான் கேக்குறேன். உனக்கு என்னா வேணும்?"

"கோழிக்குத் தீனி வேணும் அத்தே."

"அது கோழிக்கு வேணும். உனக்கு?"

அவள் தட்டைக் கீழே வைத்திருக்கிறாள். "சன்னல்சோறு தின்னது போதும் அத்தே," என்றிருக்கிறாள். அம்மா மறுநாள் மூன்று மணிக்கு, முதுகைப் பிடித்துக்கொண்டு தானே போய் அக்காவின் மேல்படியில் உட்கார்ந்திருக்கிறார்.

ஈப்போ ரெயில் நிலையத்தில் இருவரும் இறங்கியபோது கையில் இரண்டு வாளிகள். நிறைய சட்டி பானை, மேலே துணி.

"கவுத்தவாளின்னு எழுதிட்டு நிமித்தித் தூக்கிட்டு வந்திருக்கீங்க?" என்றேன்.

"பின்ன சாமான எதுல போடுறது? உன் தலையிலயா?" என்றார் அம்மா.

அவள் என் சட்டைப் பக்கம் லேசாகக் குனிந்து முகர்ந்து பார்த்தாள். ஈயப் புகை நாற்றம்தான் அடித்திருக்கும். ரெயில்வாசம் அன்று அவள்மேல் இருந்தது.

லகாட் வீட்டில் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையோ நான்காவதோ, கடை இல்லாத நாள், ஒன்றைக் கவனித்தேன். மத்தியானம் மூன்று மணி ஆனதும் அம்மா எழுந்து வாசல் திட்டில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவளும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே சுரங்கக் குட்டையில் வெயில் கிடந்தது. தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை. யாரோ வந்து உட்கார்வதற்கு இடம் விட்டது போல, இரண்டு பேரும் திட்டின் ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது கடிதம் வாசிக்கிற நேரம். இத்தனை மாதமும் நான் அவளிடம் எப்போது வருவாய் என்று கேட்டேன். அம்மா கேட்ட கேள்வியை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அந்தச் சொல்லைப் புத்தகத்திலிருந்து எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தவனே நான்தான்.

போய்க் கீழே தரையில் உட்கார்ந்தேன்.

"உனக்கு என்னா வேணும்?"

குட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஒண்ணும் வேணாம். எல்லாம் இருக்கு," என்றாள். பிறகு, "ரெயில்வாசம்," என்றாள்.

அந்தச் சொல்லைச் செய்த நாளுக்குப் பிறகு அவள் வாயால் நான் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவரை அது அக்காவின் கையெழுத்தில்தான் எனக்கு வந்திருந்தது. எனக்காக அவள் செய்த சொல், இப்போது என்னைத் தாண்டித் தெற்கே, தோட்டத்தை நோக்கித் தண்டவாளம் போகிற பக்கமாகப் போனது. எனக்கு வருத்தம் வந்ததா என்றால், வந்தது. அதைவிட, அந்தச் சொல் எவ்வளவு சரியாகச் செய்யப்பட்டிருக்கிறது என்றுதான் தோன்றியது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அது வேலை செய்தது.

உள்ளே போய்த் தாளும் பேனாவும் எடுத்து வந்தேன். அம்மாவுக்குக் கோப்பி ஆற்றிக் கொடுத்துவிட்டு, 'அன்புள்ள ஆயக்கொட்டகை அக்காவுக்கு' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.

"என்னா எழுதட்டும்?"

அவள் யோசிக்கவே இல்லை. "எல்லாரும் கேக்குற மாதிரி எழுதுங்க," என்றாள்.

அம்மா தம்ளரை என் பக்கம் நீட்டினார். "ஒரு சொட்டு இதுலேருந்து விடு. அவளுங்க மோந்து பாக்கட்டும்."